கட்டுத்தரையில் பிறந்த காளை

பட்டிமன்றத் தலைப்பு: ஒரு கால்பந்து அணியின் எதிர்காலத்துக்குப் பெரிதும் துணை நிற்பவர்கள் – வாங்கி வரும் வீரர்களே! வளர்த்தெடுக்கும் வீரர்களே!

('வளர்த்தெடுக்கும் வீரர்களே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, இந்த மன்றத்தில் இருந்த கைதட்டலை எல்லாம் மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பரே! மரியாதையைப் பேச்சிலேயே வைத்திருக்கிற எங்கள் கொங்கு மண்ணின் தாய்மார்களே, பெரியோர்களே, கால்பந்துப் பிரியர்களே, கால்பந்து என்றால் என்னவென்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்திருக்கிற பெரியம்மாக்களே! (கைதட்டல்)

எதிரணி நண்பர் பத்து நிமிஷம் பேசினார். சாரத்தை எடுத்தால் மூணே வார்த்தை. காசை எடு, ஆளை வாங்கு, கோப்பையைத் தூக்கு. அவ்வளவுதான். ஏனுங்க, இவ்வளவு சுலபமா ஒரு காரியம் நடக்குமுன்னா, இந்த ஊர்ல காசுக்கா பஞ்சம்? ஆளுக்கொரு கோப்பையை வூட்டுத் திண்ணையில வச்சிருப்போமே! (சிரிப்பு)

முதலில் நம்ம பெரியம்மாக்களுக்காக இந்த வியாபாரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கால்பந்திலே வருஷத்துக்கு ரெண்டு முறை ஒரு காலம் வரும். ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்குமுன் ஒரு தடவை, நடுவில் தை மாச வாக்கில் ஒரு தடவை. அப்போதுதான் ஒரு கிளப்பில் இருந்து இன்னொரு கிளப்புக்கு ஆட்டக்காரர்கள் மாறலாம். அதுக்குப் பேரு டிரான்ஸ்ஃபர் விண்டோ. விண்டோ என்றால் ஜன்னல். பேரு வச்சவன் தெரிந்துதான் வச்சிருக்கிறான். ரசிகன் டிக்கெட் வாங்கி வாசல் வழியா உள்ளே வருவான். அவன் வந்து உட்கார்றதுக்குள்ள ஆட்டக்காரன் ஜன்னல் வழியா வெளியே போயிடுவான்! (பலத்த சிரிப்பு)

அந்தக் காலத்தில் ரசிகர்கள் பேசுவதைக் கேட்கணும். அசல் கல்யாணத் தரகர் பேச்சுதான். "பையன் எப்படி?" "நல்ல உசரமுங்க." "எந்த ஊரு?" "ஸ்பெயினுங்க." "கெட்ட பழக்கம்?" "ஒண்ணும் இல்லீங்க, முட்டியில மட்டும் ஒரு ஆபரேஷன்." "ஜாதகம் பொருந்துதா?" "பொருந்துது. ஆனா பக்கத்து ஊர்க்காரங்க சீர் ஜாஸ்தி பேசறாங்க!" (சிரிப்பு)

நடுவர்: ஓஹோ! அங்கேயும் வரதட்சணையா? அதைச் சட்டப்படி தடை பண்ணியாச்சே!

பண்ணியாச்சுங்க ஐயா. ஆனா கால்பந்துல ரசீது போட்டே வாங்கறாங்க! 2017ஆம் வருஷம் நெய்மார் என்கிற பிரேசில் ஆட்டக்காரருக்காக பாரிஸ் கிளப் பார்சிலோனாவுக்குக் கொடுத்த தொகை 22 கோடியே 20 லட்சம் யூரோ. நம்ம காசு இல்லீங்க, யூரோ! இதுவரை அதை ஒருத்தரும் முறியடிக்கவில்லை. (ஆச்சரிய ஒலி)

சரி, பாரிஸை விடுங்கள். நம்ம கோயம்புத்தூருக்கு வாங்கள். எதிரணி நண்பர் ஓர் உதாரணத்தைச் சொல்லித்தான் உங்களிடம் கைதட்டல் வாங்கினார். அதே உதாரணத்தை நானும் சொல்கிறேன். அவர் பாதியில் நிறுத்திவிட்டார். நான் மீதியையும் சொல்லப் போகிறேன்.

சென்னை சிட்டி எஃப்.சி. பேரு சென்னை, ஆடின ஊரு கோயம்புத்தூர்! கோயம்புத்தூருக்கு எதையுமே சென்னை தராதுன்னு யாரும் சொல்லாதீங்க, ஒரு கால்பந்து டீமையே தந்துச்சு. பேரைத்தான் மாத்தலை! (சிரிப்பு) 1946இல் தொடங்கிய பழைய கிளப். 2017இல் ஐ-லீக்கில் நுழைந்தது. அந்த வருஷக் கடைசியில் தன் சொந்த மைதானமாக நம்ம வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்திலே இருக்கிற நேரு ஸ்டேடியத்தை எடுத்துக்கொண்டது. முதல் ரெண்டு பருவமும் எட்டாவது இடம்தான். யாரும் பொருட்டாக மதிக்கவில்லை.

2018இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினில் இருந்து நாலு ஆட்டக்காரர்கள் வந்தார்கள். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா. இவர்களில் மான்சி உருகுவேயில் பிறந்தவர், ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்தவர். அந்த மனுஷன் ஒரே பருவத்தில் அடித்த கோல் 21! (கைதட்டல்)

2019 மார்ச் 9. கடைசி ஆட்டம். நேரு ஸ்டேடியம். ஜெயித்தால் இந்தியாவுக்கே சாம்பியன். ஒரே ஒரு புள்ளி பின்னால் நூறு வருஷப் பெருமை உள்ள ஈஸ்ட் பெங்கால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது. எதிரே மினர்வா பஞ்சாப். ஆட்டம் தொடங்கி மூணாவது நிமிஷம், கோல்! யாருக்கு? மினர்வாவுக்கு! இடைவேளை வரை நாம பின்னாடி. கேலரியில் இருந்தவனுக்கு வயித்துல புளியைக் கரைக்குது. இடைவேளைக்குப் பிறகு ஒரு பெனால்டி, மான்சி அடிச்சார். ஒண்ணுக்கு ஒண்ணு. அப்புறம் கௌரவ் போரா. தற்காப்பு ஆட்டக்காரருங்க, கோல் அடிக்கிறது அவர் வேலையே இல்லை. அவர் அடிச்சார் ஒண்ணு. ஆட்டம் முடியற நேரத்துல அடிச்சார் இன்னொண்ணு. மூணுக்கு ஒண்ணு! அங்கே ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனா நமக்கு 43 புள்ளி, அவங்களுக்கு 42. ஐ-லீக் கோப்பை முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. வந்து இறங்கின இடம் கோயம்புத்தூர்! (நீண்ட கைதட்டல்)

எதிரணி நண்பர் இங்கேதான் நிறுத்தினார். "பார்த்தீர்களா, வாங்கி வந்த ஆட்டக்காரன் கோப்பை வாங்கித் தந்தான்" என்றார். உண்மை. நான் மறுக்கவே மாட்டேன். மான்சி இல்லாமல் அந்தக் கோப்பை இல்லை. ஆனால் நடுவர் அவர்களே, இன்றைய தலைப்பு என்ன? அணியின் கோப்பை என்றா போட்டிருக்கிறது? அணியின் எதிர்காலம்! கோப்பை என்பது ஒரு நாள் சமாசாரம். எதிர்காலம் என்பது மறுநாள் காலையில் ஆரம்பிக்கிற சமாசாரம். (கைதட்டல்)

அந்த மறுநாளைச் சொல்லட்டுமா?

2019 கோடையில் ஜன்னல் திறந்தது. நெஸ்டர் ஹைதராபாத்துக்குப் போனார். ஒப்பந்தம் இருக்கும்போதே போனாரா என்று தகராறு, இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் வரை போய், அவருக்குச் சில மாதம் ஆடத் தடையே விழுந்தது. கடைசி நாளில் ரெண்டு கோல் அடித்த கௌரவ் போரா ஒடிசாவுக்குப் போனார். நம்ம தமிழ்நாட்டுப் பையன் எட்வின் வான்ஸ்பால் சென்னையின் அணிக்குப் போனார். 2020 ஜனவரி, அடுத்த ஜன்னல். பருவத்தின் நட்டநடுவில் மான்சி ஜப்பானுக்குப் போய்விட்டார். அல்பிரெக்ஸ் நிகாட்டா என்று ஒரு கிளப். அதே வருஷம் ரொமாரியோ ஜேசுராஜ் கோவாவுக்கு, அஜித்குமார் பெங்களூருக்கு. அடுத்து பயிற்சியாளரும் போனார். நடுவில் கொரோனா வேறு. 2021இல் ஐ-லீக் முழுக்க மேற்கு வங்கத்திலே பூட்டின மைதானத்தில் நடந்தது. அதில் ஆடிய நம்ம அணியில், அந்தக் கோப்பை நாளில் ஆடிய ஸ்பெயின்காரர் ஒருத்தர்கூட இல்லை. 2021–22 பருவத்தில் இருந்து ஐ-லீக்கில் அந்தப் பேரே இல்லை.

யோசித்துப் பாருங்கள். 2019 மார்ச்சில் இந்தியாவின் சாம்பியன். மூணு வருஷம் முடிவதற்குள் பட்டியலிலேயே இல்லை. ஒரு கறிவேப்பிலைச் செடி வச்சால்கூட மூணு வருஷம் தாண்டி நிற்குமுங்க! (அமைதி, பிறகு கைதட்டல்)

எதிரணி நண்பர் உடனே எழுந்து, "அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு, பணம் இல்லை, கொரோனா வந்தது, அந்தக் காலத்தில் ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல்.லுக்குப் போகிற உயர்வே கிடையாது" என்பார். சரிங்க. அதுவும் உண்மைதான். அந்த உயர்வு முதன்முதலில் 2023இல் பஞ்சாப் அணிக்குத்தான் கிடைத்தது. நாலு வருஷம் முந்தி ஜெயித்தது நம்ம குற்றமா? (சிரிப்பு) இத்தனை காரணமும் இருக்கட்டும். என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. கெட்ட காலம் எல்லாக் கிளப்புக்கும் வரும். வந்தபோது ஒரு கிளப் தாங்கி நிற்கிறது, ஒரு கிளப் உதிர்ந்து போகிறது. வித்தியாசம் எங்கே?

இதை எங்க ஊர்ப் பாஷையிலே சொல்றேன். வூட்டுக்கு ஒரம்பரை வந்தா நாங்க எப்படிக் கவனிப்போமுன்னு உங்களுக்கே தெரியும். ஓலப்பாயை விரிச்சு, இலையைப் போட்டு, போதும் போதுமுன்னு கையை மறிச்சாலும் விடமாட்டோம். மான்சியை அப்படித்தான் கொண்டாடினோம். ஆனா ஒரம்பரை என்னைக்கா இருந்தாலும் ஊருக்குப் போறவர்தானுங்களே? அவர் போனதுக்கப்புறம் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்ச வூட்டு ஆளு வேணுமா இல்லையா? (கைதட்டல்) ஒரம்பரை போயிட்டாரேன்னு அழறது தப்பில்லை. வூட்ல ஆளே இல்லாம ஒரம்பரையை நம்பி வெள்ளாமை வைக்கிறதுதான் தப்பு!

நடுவர்: ஒரம்பரை வரவே கூடாது என்கிறீர்களா?

வரணுமுங்க ஐயா! வந்தாத்தான் வூடு கலகலன்னு இருக்கும். ஆனா வந்தவரிடம் நாம என்ன கத்துக்கிட்டோம் என்பதுதான் கேள்வி. இந்த ஊருக்கே ஒரு வரலாறு இருக்கிறது. ஜி.டி.நாயுடு அவர்கள் ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் இருந்து மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கி ஓட்டிக்கொண்டா திரிந்தார்? நட்டு போல்ட்டைப் பிரித்துப் போட்டார். மறுபடி பூட்டினார். எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொண்டார். அப்படிக் கற்றுக்கொண்ட கைதான் பிற்பாடு டி.பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து 1937இல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தது என்று இன்றைக்கும் ஊர் பெருமைப்படுகிறது. அப்புறம் என்ன ஆச்சு? இந்தியாவில் எந்த மூலைக்குப் போய்க் கிணத்தை எட்டிப் பார்த்தாலும் கோயம்புத்தூர் பம்பு! (பலத்த கைதட்டல்)

மோட்டார் வாங்கி வந்த ஊர் என்று யாராவது நம்மைச் சொல்கிறார்களா? மோட்டார் செய்கிற ஊர் என்றுதானே சொல்கிறார்கள்! மான்சியை வாங்கினோம். அவர் எங்கே நிற்கிறார், எப்போது ஓடுகிறார், பந்து வருமுன்னே இடத்தை எப்படிப் பிடிக்கிறார் என்று, பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் இருக்கிற பன்னிரண்டு வயசுப் பையன்கள் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தோம்? மோட்டார் சைக்கிளை ஓட்டினோம், பிரித்துப் பார்க்கவில்லை. பெட்ரோல் தீர்ந்தது, வண்டி நின்றது. (கைதட்டல்)

கண்ணபுரம் மாட்டுத் தாவணிக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். துண்டைப் போட்டு மூடி, அதுக்குள்ளே தரகர் விரலைப் பிடித்து விலை பேசுவார். வெளியே இருக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஆட்டக்காரர் வியாபாரமும் அப்படித்தான் நடக்கிறது. மனுஷனை மாட்டோட ஒப்பிடறேனேன்னு யாரும் கோவிச்சுக்காதீங்க. எங்க ஊர்ல காங்கேயம் காளைக்குக் கிடைக்கிற மரியாதை, வூட்டு மாப்பிள்ளைக்கே கிடைக்காது! (பலத்த சிரிப்பு) தாவணியில் வாங்கின காளை வண்டியை இழுக்கும், ஏர் உழும். மறுப்பே இல்லை. ஆனா காங்கேயம் என்கிற இனம் இத்தனை காலம் நிலைச்சு நிக்குதே, அது தாவணியில் வாங்கினவனாலா? கட்டுத்தரையில் பூச்சிக்காளையை வச்சுப் பராமரிச்சு, கன்னை வளர்த்து ஆளாக்கினவனாலா? தாவணியே கட்டுத்தரையை நம்பித்தானுங்க நடக்குது. எவனுமே வளர்க்கலைன்னா வாங்கறதுக்கு எங்கே போவீங்க? (நீண்ட கைதட்டல்)

எதிரணி நண்பர் வெளிநாட்டைச் சொன்னார். நானும் சொல்கிறேன். இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி என்று ஒரு கிளப். 2016இல் யாரும் எதிர்பாராமல் சாம்பியன். பந்தயக்காரர்கள் ஒண்ணுக்கு ஐயாயிரம் தருவதாகச் சொன்ன அணி அது. அந்தக் கோடையில் ஜன்னல் திறந்தது. நடு ஆட்டத்தின் உயிர்நாடியாக இருந்த காண்டேயைச் செல்சி வாங்கிக்கொண்டு போய்விட்டது. அடுத்த வருஷம் செல்சி சாம்பியன், லெஸ்டர் பன்னிரண்டாவது இடம். கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் ரனியேரியையே அடுத்த பிப்ரவரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரே ஒரு ஆள் போனான், வரிசையே குலைந்தது.

இப்போது இன்னொரு ஊர். ஸ்பெயினில் பில்பாவோ. பழைய இரும்பு ஊர். உலைக்கூடம், பட்டறை, தொழிலாளி. ஏறக்குறைய நம்ம ஊர் மாதிரிதான். அங்கே அத்லெட்டிக் என்று 1898இல் தொடங்கின கிளப். அவர்களுக்கு ஒரு விரதம். பாஸ்க் நாட்டில் பிறந்தவனோ, அங்கே ஆட்டம் கற்று வளர்ந்தவனோதான் எங்கள் சட்டையைப் போடலாம். வேறு யாரும் வேண்டாம். பாஸ்க் நாடு முழுக்கச் சேர்த்தாலும் ஜனத்தொகை சுமார் 30 லட்சம். நம்ம கோவை மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்குப்படி 34 லட்சத்துக்கு மேலே! (ஆச்சரிய ஒலி)

அப்படி விரதம் இருக்கிற கிளப் என்ன ஆகியிருக்கணும்? எதிரணி கணக்குப்படி இழுத்து மூடியிருக்கணும். ஆனால் ஸ்பெயினின் முதல் பிரிவில் இருந்து இன்றுவரை கீழே இறங்காத கிளப்புகள் மூணே மூணு. ரியல் மாட்ரிட், பார்சிலோனா, மூணாவது இந்த அத்லெட்டிக்! (கைதட்டல்) அவங்க ஆட்டக்காரன் போகவே மாட்டானா? போவான். 2012இல் ஹாவி மார்ட்டினஸ் 4 கோடி யூரோவுக்கு பேயர்ன் மியூனிக் போனார். 2018இல் கோல்கீப்பர் கெப்பா 8 கோடி யூரோவுக்குச் செல்சிக்குப் போனார். ஊரே அழுததா? அழுதிருக்கும். ஆனால் வாசலில் அடுத்த பையன் கையுறையைப் போட்டுக்கொண்டு நின்றான். உனாய் சிமோன். 2024இல் ஸ்பெயின் ஐரோப்பியக் கோப்பையை வாங்கியபோது கோல்கம்பத்தில் நின்றவர் அவர்தான். அதே 2024 ஏப்ரலில், நாற்பது வருஷம் கழித்து அத்லெட்டிக் அரசர் கோப்பையைத் தூக்கியது. நாற்பது வருஷம் அந்தக் கோப்பை இல்லாமலும் ரசிகன் போகவில்லை! ஏன்? ஆடுகிறவன் பக்கத்து வீட்டுப் பையன். பக்கத்து வீட்டுப் பையன் தோற்றால் டி.வி.யை அணைப்போமா? அவன் வீட்டுக்கு வரும்வரை தூங்காமல் காத்திருப்போம்! (நீண்ட கைதட்டல்)

இன்னொரு செய்தியும் சொல்லணும். இந்த அத்லெட்டிக்கில் ஆடுகிற அண்ணன் தம்பி ரெண்டு பேர். இனாக்கி வில்லியம்ஸ், நிக்கோ வில்லியம்ஸ். அவர்களின் அப்பா அம்மா ஆப்பிரிக்காவின் கானாவில் இருந்து பாலைவனத்தைக் கடந்து பிழைக்க வந்தவர்கள். பிள்ளைகள் பாஸ்க் மண்ணில் பிறந்து, அங்கேயே ஆட்டம் கற்றார்கள். 2025 கோடையில் தம்பி நிக்கோவைப் பார்சிலோனா தூக்கிக்கொண்டு போகப் போகிறது என்று ஐரோப்பா முழுக்கப் பேச்சு. ரசிகர்கள் விரலைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். ஜூலையில் அந்தப் பையன் அத்லெட்டிக்கிலேயே 2035 வரை கையெழுத்துப் போட்டான். வாங்கி வந்தவனுக்குச் சம்பளம் தெரியும். வளர்ந்தவனுக்கு வீடு தெரியும்! (பலத்த கைதட்டல்)

இதை நான் ஏன் சொல்கிறேன்? 'வளர்த்தெடுக்கும் வீரன்' என்றால் நம்ம ஜாதி, நம்ம ஜனம், நம்ம பாஷை என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. இன்றைக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், நம்ம ஊர் வார்ப்படப் பட்டறைக்கும் ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் குடும்பமாக வந்திருக்கிறார்கள். அந்தப் பையன் நம்ம மாநகராட்சிப் பள்ளிக்கூடத்திலே தமிழ் படிக்கிறான். சாயங்காலம் நம்ம மைதானத்திலே வெறுங்காலோடு பந்து உதைக்கிறான். அவனும் நம்ம கட்டுத்தரைக் கன்னுதானுங்க! நாளைக்கு கோயம்புத்தூர் சட்டையைப் போட்டுக்கிட்டு அவன் கோல் அடிச்சா, அது நம்ம பையன் அடிச்ச கோல்! (எழுந்து நின்று கைதட்டல்)

அடுத்து, ஆட்டக்காரன் போவது துரோகமா? இங்கே எங்கள் அணியிலேயே சிலர் அப்படிப் பேசினார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மைக்கேல் சூசைராஜ் என்று ஒரு ஆட்டக்காரர். குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை. கடற்கரைக் கிராமம். தூத்தூர் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் மீன்பிடித்தல் எப்படியோ அப்படிக் கால்பந்து. சூசைராஜ் சென்னை சிட்டியில் ஆடிப் பேர் எடுத்தார். 2018இல் ஜாம்ஷெட்பூர் கூப்பிட்டது, போனார். அடுத்த வருஷம் இந்தியச் சட்டையைப் போட்டார். கொல்கத்தாவின் ஏ.டி.கே.வில் சேர்ந்து 2020இல் ஐ.எஸ்.எல். கோப்பையையும் தொட்டார். போகாமல் இங்கேயே இருந்திருந்தால் இதெல்லாம் கிடைத்திருக்குமா? ஒரு கால்பந்து ஆட்டக்காரனின் உழைக்கிற காலம் பத்துப் பதினஞ்சு வருஷம். ஒரு முட்டி நழுவினால் அதுவும் இல்லை. அவனுக்கும் அம்மா இருக்கிறாள், தங்கச்சி இருக்கிறாள். போகிறவனைச் சந்தனம் வைத்து வழியனுப்ப வேண்டும். மகளைக் கட்டிக் கொடுக்கிறோம், துரோகம் என்றா சொல்கிறோம்? (சிரிப்பு, கைதட்டல்) ஆனால் அவன் போன இடத்தில் நிற்க இன்னொருத்தன் தயாராக இருக்கணும். அதுதான் கிளப். இல்லையென்றால் அது வெறும் பஸ் ஸ்டாண்டு!

போகிறவன் வளர்த்த ஊருக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போவானா? போவான். அதற்குச் சட்டமே இருக்கிறது. ஒப்பந்தம் முடியுமுன் ஒரு ஆட்டக்காரனை ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக் கிளப் விலை கொடுத்து வாங்கினால், அந்த விலையில் நூற்றுக்கு ஐந்து ரூபாயை, அவனைப் பன்னிரண்டு வயசில் இருந்து இருபத்து மூணு வயசு வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. ஒரு கோடிக்குப் போனால் வளர்த்தவர்களுக்கு ஐந்து லட்சம். ஆனால் அந்தப் பையன் எந்த வயசில் எந்தக் கிளப்பில் இருந்தான் என்று முறையாகப் பதிவு இருக்கணும். பதிவு இல்லாவிட்டால், வளர்த்தவன் வாயில் மண்ணுதான். ரேஷன் கார்டுல பேர் சேர்க்கிற அக்கறையில் பாதி போதும். பையனைக் கிளப்பில் சேர்க்கும்போதே பதிவு பண்ணிவிடுங்கள். இது எல்லாப் பெற்றோருக்கும், எல்லாப் பயிற்சியாளருக்கும் என் வேண்டுகோள். (கைதட்டல்)

வளர்த்தால் வளருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி வைத்திருக்கிறேன். 2004 டிசம்பரில் சுனாமி வந்து கடலூரைச் சூறையாடியது. அதற்குப் பிறகு அந்த ஊரில் ஏழைப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கால்பந்து சொல்லிக் கொடுத்தார். எந்த ஜன்னலும் இல்லை, எந்தத் தரகரும் இல்லை. கடலூர் மாவட்டத்தில் இருந்து இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினார். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, அசைக்கவே முடியாது என்று இருந்த மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் தோற்கடித்து முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. 2019 மே மாதம் மதுரை சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. கோயம்புத்தூர் கோப்பை வாங்கிய அதே வருஷம்! (நீண்ட கைதட்டல்) தாய்மார்களே, இந்தக் கைதட்டலை வீட்டுக்குப் போய் உங்கள் பெண் பிள்ளைக்கும் கொஞ்சம் கொடுங்கள். "பொட்டப்புள்ள கால்சட்டை போட்டுக்கிட்டு ஓடுறதா?"ன்னு கேட்கிற அப்பாரு, அப்புச்சிமாரை நான் வந்து சமாதானப்படுத்துறேன்!

நடுவர் அவர்களே, கடைசியாக எதிரணிக்கு ஒரு வார்த்தை. "வாங்கவே கூடாது" என்பது எங்கள் கட்சி அல்ல. விதைநெல் வேறு வாங்குவோம், உரம் வெளியே இருந்து வரும். ஆனால் வயல் நம்முடையதாக இருக்கணும். இன்றைக்கு நேரு ஸ்டேடியம் நிற்கிறது, புல் வளர்கிறது. அந்தப் புல்லில் இந்தியாவின் சாம்பியன் ஆடினான் என்று சொன்னால் பத்து வயசுப் பையன் நம்மை விநோதமாகப் பார்க்கிறான். அவன் பிறந்த பிறகு நடந்த கதையே அவனுக்குப் பழங்கதையாகிவிட்டது. ஏன்? அந்த அணியில் அவன் தெருவில் இருந்து ஒரு அண்ணன் இருந்திருந்தால், கிளப் மூடினாலும் அந்த அண்ணன் தெருவில் இருந்திருப்பான். சாயங்காலம் நாலு பையன்களைக் கூட்டி வைத்துப் பந்தை உருட்டியிருப்பான். கதை தொடர்ந்திருக்கும்.

வாங்கின அணி ஊரைக் காலி செய்தால் மிஞ்சுவது போட்டோ. வளர்த்த அணி மூடிப் போனாலும் மிஞ்சுவது ஆட்டம். அந்த ஆட்டத்தில் இருந்து இன்னொரு அணி முளைக்கும். ஆகவே, ஒரு கால்பந்து அணியின் எதிர்காலத்துக்குப் பெரிதும் துணை நிற்பவர்கள் வளர்த்தெடுக்கும் வீரர்களே, வளர்த்தெடுக்கும் வீரர்களே என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)